ரேஸ் குதிரைக்கு ஆயில் பெயின்ட்டில் உருவப்படம்: ஆர்டர் எடுப்பதற்கு முன்

மனித முகங்களை ஆயில் பெயின்ட்டில் வரைந்து பழகிய ஒருவர் கேட்டிருக்கிறார். ரேஸ் குதிரை வைத்திருக்கும் குடும்ப நண்பர், ஓய்வுக்குப் போகும் தன் குதிரையை "அந்தக் காலத்து இங்கிலீஷ் படம் மாதிரி" வரைந்து தரச் சொல்கிறாராம். அந்தப் பழைய முறை என்பது என்ன, போட்டோவைப் பார்த்து வரைந்தால் போதாதா, எவ்வளவு வாங்கலாம் என்று மூன்று கேள்விகள்.

ஆர்டரை எடுத்துக்கொள்ளுங்கள். முகம் வரைந்து பழகிய கைக்கு இது எட்டாத வேலையில்லை. ஆனால் படத்தை யார் பார்க்கப்போகிறார்கள் என்பதை முதலில் மனதில் வையுங்கள். காலண்டரில் வரும் குதிரையை யாரும் எதனுடனும் ஒப்பிட்டுப் பார்ப்பதில்லை. உங்கள் படத்தின் முன்னால் நிற்கப்போகிறவர்களோ அந்த ஒரு குதிரையைப் பல வருடம் பக்கத்திலிருந்து பார்த்தவர்கள். முதலாளி முகத்தைப் பார்ப்பார். டிரெயினர் தோளையும் பின்புறத்தையும் பார்ப்பார். குதிரைக்காரர் காலைத்தான் பார்ப்பார், ஏனென்றால் தினமும் குனிந்து அந்தக் கால்களுக்குக் கட்டுப் போட்டவர் அவர். மூன்று பேரும் "இது நம்ம குதிரைதான்" என்று சொன்னால் படம் தேறியது. பழைய முறையின் ஒவ்வொரு பழக்கமும் இந்தத் தேர்வில் ஜெயிக்கத்தான் உருவானது.

அந்த முறை 18ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் நிலைபெற்றது. குதிரை பக்கவாட்டில், முழு உடலும் நான்கு காலும் தெரிய நிற்கும். கடிவாளத்தைப் பிடித்தபடி ஒரு குதிரைக்காரர், சில சமயம் சேணத்தோடு ஜாக்கி. தொடுவானம் தாழ்ந்து கிடக்கும், அதனால் குதிரையின் உருவம் வானத்துக்கு எதிரே தெளிவாக நிற்கும். பல படங்களில் குதிரையின் பெயரைக் கேன்வாஸிலேயே எழுதியிருப்பார்கள். இன்றைய கண்ணுக்கு இது விறைப்பாகத் தெரியலாம். ஆனால் அன்றைக்குக் குதிரைக்குப் போட்டோ கிடையாது. பையர்லி டர்க், டார்லி அரேபியன், கோடால்ஃபின் அரேபியன் என்ற மூன்று கீழைநாட்டு ஆண்குதிரைகளின் வழியில் தரோப்ரெட் என்ற ரேஸ் குதிரை இனமே அப்போதுதான் உருவாகிக்கொண்டிருந்தது. வம்சாவளியைப் பதிவுசெய்யும் ஜெனரல் ஸ்டட் புக் வெளிவரத் தொடங்கியதே 1791இல்தான். ஒரு குதிரையின் தோள் எவ்வளவு சாய்வு, முதுகு எவ்வளவு நீளம், கால் நேராக இருக்கிறதா என்று இன்னொருவருக்குக் காட்டப் படம்தான் வழி. பக்கவாட்டில் நிற்க வைத்தால்தான் இதெல்லாம் ஒளிவுமறைவில்லாமல் தெரியும். இன்றைக்கும் ஏலப் பட்டியலில் ஆண்குதிரைகளை அப்படித்தான் நிறுத்திப் போட்டோ எடுக்கிறார்கள்.

ஜான் வூட்டன், ஜேம்ஸ் சீமோர் ஆகியோர் இந்த வழியில் முன்னோடிகள். ஆனால் நீங்கள் உட்கார்ந்து படிக்க வேண்டியவர் ஜார்ஜ் ஸ்டப்ஸ். 1724இல் லிவர்பூலில் தோல் பதனிடுபவரின் மகனாகப் பிறந்தவர். 1750களின் பின்பாதியில் லிங்கன்ஷயரில் ஹார்க்ஸ்டோ என்ற கிராமத்தில் ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்துக்கொண்டு ஏறத்தாழ ஒன்றரை ஆண்டு இறந்த குதிரைகளை அறுத்துப் பார்த்தார். கூடவே உதவிக்கு இருந்தவர் மேரி ஸ்பென்சர். கூரையிலிருந்து இரும்புக் கம்பியும் கொக்கிகளும் தொங்கவிட்டு, உயிரோடு நிற்கும் நிலையிலேயே குதிரையின் உடலை நிறுத்தினார். இரத்தக் குழாய்களில் மெழுகை ஏற்றினார். தோலை உரித்து, தசையை அடுக்கடுக்காக நீக்கி, எலும்பு வரும்வரை ஒவ்வோர் அடுக்கையும் வரைந்தார். ஒரே குதிரையை வைத்துப் பல வாரங்கள். அந்த வீட்டின் வாடை எப்படியிருந்திருக்கும் என்று யோசித்தால், இணையத்தில் பத்து ரெபரன்ஸ் போட்டோ தேடி அலுத்துக்கொள்ளும் நம்மேல் நமக்கே சிரிப்பு வரும். அந்த வரைபடங்களைச் செதுக்கிக்கொடுக்க ஆள் கிடைக்காமல், செதுக்கு வேலையையும் தானே செய்து 1766இல் குதிரை உடற்கூறு நூலாக வெளியிட்டார்.

நீங்கள் அந்த அளவுக்குப் போக வேண்டாம். ஆனால் மனித உருவம் தெரிந்தவருக்கு ஒரு குறுக்குவழி இருக்கிறது. குதிரையின் முன்னங்காலில் "முட்டி" என்று நாம் நினைப்பது உண்மையில் அதன் மணிக்கட்டு. அதற்குக் கீழே போகும் நீண்ட எலும்பு உள்ளங்கை எலும்பு. குளம்பு, நடுவிரலின் நகம். பின்னங்காலில் பின்பக்கமாகக் கூராக மடங்கும் மூட்டு அதன் குதிகால். உண்மையான முழங்கால் மேலே, வயிற்றோரம் ஒளிந்திருக்கிறது. முழங்கை மார்போடு ஒட்டிக் கிடக்கிறது. இதை ஒருமுறை புரிந்துகொண்டால் எந்த மூட்டு எந்தப் பக்கம் மடங்கும் என்ற குழப்பமே வராது. மணிக்கட்டுக்கும் குதிகாலுக்கும் கீழே தசை இல்லை. எலும்பும் தசைநாண்களும் தோலும்தான். அங்கே மென்மையான சதை வரைந்தால் குதிரைக்காரர் உடனே முகத்தைச் சுளிப்பார். வீங்கிய கால் என்றால் அவருக்குக் காயம் என்று பொருள்.

இன்னொன்று: குதிரைக்குக் காறை எலும்பு கிடையாது. முன்னங்கால்கள் எலும்பால் உடலோடு இணைந்தில்லை. தசைகளின் தொட்டிலில்தான் நெஞ்சுக்கூடு தொங்குகிறது. எடையை ஒரு காலிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும்போது தோள் முழுவதும் நகர்வது இதனால்தான். ஒரு போட்டோவிலிருந்து உடலையும் இன்னொன்றிலிருந்து காலையும் எடுத்து ஒட்டினால் படத்தில் ஏதோ உதைப்பதும் இதனால்தான்.

அளவுக்கு ஒரு சூத்திரம். காதுகளுக்கு நடுவிலிருந்து மூக்கு நுனிவரை உள்ள நீளத்தை ஒரு தலை என்று வைத்துக்கொள்ளுங்கள். தரையிலிருந்து, பிடரி முடிந்து முதுகு தொடங்கும் மேடு வரை ஏறத்தாழ இரண்டரைத் தலை. மார்பின் முன்முனையிலிருந்து பிட்டத்தின் பின்முனை வரை உள்ள நீளமும் கிட்டத்தட்ட அதே. அதாவது தலையையும் கழுத்தையும் விட்டுவிட்டால் குதிரை ஒரு சதுரத்துக்குள் நிற்கிறது. உங்கள் குதிரை இந்தச் சதுரத்திலிருந்து எங்கே விலகுகிறது என்று பாருங்கள். முதுகு கொஞ்சம் நீளமா, பின்புறம் முன்புறத்தைவிட உயரமா, கழுத்து தாழ இறங்கியிருக்கிறதா? சாயல் கிடைப்பது அந்த விலகலில்தான். முகம் வரைபவருக்கு இதை விளக்க வேண்டியதில்லை, மூக்கையும் தாடையையும் இப்படித்தானே பார்க்கிறோம்.

முகம் வரைபவர்களிடம் இருக்கும் ஒரு கெட்ட பழக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். குதிரையின் கண்ணை மனிதக் கண்ணாக்கிவிடுவார்கள். வெள்ளை விழியைக் காட்டி, வட்டப் பாப்பா போட்டு, உணர்ச்சி ஏற்றிவிடுவார்கள். அமைதியாக நிற்கும் பெரும்பாலான குதிரைகளின் கண்ணில் வெள்ளை தெரிவதில்லை. தெரிந்தால் பெரும்பாலும் அது மிரண்டிருக்கிறது என்று அர்த்தம். கண்பாப்பா படுக்கைவாட்டில் நீண்டது. அதன் மேல்விளிம்பில் கரும் மணிகள்போலச் சிறு முடிச்சுகள் இருக்கும், கிட்டே போய்ப் பாருங்கள். கண் தலையின் பக்கத்தில் இருப்பதால் அதில் பிரதிபலிப்பது வானமும் லாயத்தின் கூரை விளிம்பும். ஆகவே ஒளிப்புள்ளி வெறும் வெள்ளைப் பொட்டாக இல்லாமல் கொஞ்சம் நீலம் கலந்த பட்டையாக வரும். அந்த ஒரு பட்டை சரியாக விழுந்தால் கண்ணுக்கு உயிர் வந்துவிடும்.

அடுத்து உங்கள் இரண்டாவது கேள்வி. போட்டோவைப் பார்த்து வரையலாம். எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள். ஆனால் முதலாளி வாட்ஸ்அப்பில் அனுப்பும் போட்டோவைப் பார்த்து வரையாதீர்கள். அது கிட்ட நின்று போனில் எடுத்ததாக இருக்கும். போனின் சாதாரண லென்ஸ் அகலக் கோணமுடையது. கேமராவுக்குப் பக்கத்தில் இருக்கும் தலை பெருத்தும், பின்புறம் சிறுத்தும், கால்கள் குட்டையாகவும் வந்துவிடும். நிற்கும் ஆளின் கண் உயரத்திலிருந்து சாய்த்து எடுத்திருந்தால் இன்னும் மோசம். அதை அப்படியே கேன்வாஸில் ஏற்றினால், உயரமான தரோப்ரெட் கோவேறு கழுதை மாதிரி வந்து நிற்கும். முதலாளிக்கு எங்கே தப்பு என்று சொல்லத் தெரியாது, "ஏதோ குறையுது" என்பார்.

நீங்களே லாயத்துக்குப் போங்கள். எட்டுப் பத்து மீட்டர் தள்ளி நின்று, ஜூம் லென்ஸ் போட்டு, கேமராவைக் குதிரையின் வயிற்றின் நடு உயரத்துக்கு இறக்கி எடுங்கள். அதாவது கொஞ்சம் குனிந்துதான் ஆக வேண்டும். குதிரை நிற்கும் இடம் சமதரையாக இருக்கட்டும். புல்லில் நிறுத்தாதீர்கள், குளம்பு மறைந்துவிடும். பக்கவாட்டுப் படத்துக்கு உங்கள் பக்கத்து முன்னங்கால் சற்று முன்னே, உங்கள் பக்கத்துப் பின்னங்கால் சற்றுப் பின்னே. மறுபக்கத்துக் கால்கள் இரண்டும் இவற்றுக்கு நடுவில். அப்போதுதான் நான்கும் தனித்தனியாகத் தெரியும். இப்படி நிறுத்துவது குதிரைக்காரரின் கையில் இருக்கிறது. அவரிடம் மரியாதையாகக் கேளுங்கள், டீ வாங்கிக் கொடுங்கள், அவசரப்படுத்தாதீர்கள். காதுகள் முன்னோக்கி நிமிர வேண்டுமென்றால் இன்னொருவர் தீவன வாளியைக் குலுக்கினால் போதும். இரண்டு மூன்று தடவைக்குமேல் குதிரை ஏமாறாது, அதற்குள் எடுத்துவிட வேண்டும்.

எந்தப் பக்கம்? ஒருமுறை கிண்டி லாயத்தில் நான் கேமராவைத் தூக்கிக்கொண்டு வலப்பக்கம் போனபோது, குதிரையைப் பிடித்திருந்த பெரியவர், "இந்தப் பக்கம் வாங்க தம்பி, அங்க மயிர் கழுத்த மூடிடும்" என்றார். ரேஸ் குதிரைக்குப் பிடரி மயிரை வலப்பக்கம் விழும்படி வாரிவிடுவது வழக்கம். இடப்பக்கத்திலிருந்து பார்த்தால் கழுத்தின் வளைவு முழுதும் தெரியும். அவர் அதோடு நிற்கவில்லை. "இவனுக்கு வலது பின்னங்கால்லதான் வெள்ளை. அது தெரியலேன்னா ஐயா ஒத்துக்கமாட்டாரு" என்று சொல்லி, அந்தக் கால் மறையாதபடி குதிரையை அரை அடி நகர்த்தி நிறுத்தினார். பழைய ஓவியர்களுக்கும் இதே கவலைதான். எந்தக் காலில் வெள்ளை, அது எதுவரை, நெற்றியில் நட்சத்திரமா பட்டையா, பட்டை மூக்கில் எந்தப் பக்கம் சாய்கிறது என்பதெல்லாம் அடையாளம்.

நெற்றிச் சுழியையும் விடாதீர்கள். நம் ஊரில் மாடு, குதிரை வாங்குகிறவர்கள் சுழி பார்ப்பது ராசிக்காக. ரேஸ் குதிரையின் அடையாளப் புத்தகத்தில் சுழி எங்கே இருக்கிறது என்று குறித்து வைப்பது ஆள்மாறாட்டம் நடக்காமலிருக்க. நெற்றியில், கழுத்தில், சில குதிரைகளுக்குத் தொண்டைப் பகுதியில் எனக் கைரேகை மாதிரி குதிரைக்குக் குதிரை மாறும். அந்தப் புத்தகத்தின் படப் பக்கத்தை முதலாளியிடம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ஓவியருக்கு அதைவிட நல்ல ரெபரன்ஸ் இல்லை.

போட்டோவில் நிறத்தை நம்பாதீர்கள். லாயத்தில் நிற்கும்போதே சின்னப் பலகையில் நான்கைந்து நிறங்களைக் கலந்து குறித்துக்கொள்ளுங்கள்: முதுகின் மேல், விலா, வயிற்றுக்குக் கீழே, தொடையின் உட்புறம், முகவாய். செம்பழுப்புக் குதிரைக்குக் கறுப்புப் பிடரியோ கறுப்புக் காலோ வராது. உடல் பழுப்பாக, பிடரியும் வாலும் கால்களின் கீழ்ப்பகுதியும் கறுப்பாக இருந்தால் அது "பே" என்ற நிறம். இரண்டையும் மாற்றிவிட்டால் குதிரையையே மாற்றியதாகிவிடும். பர்ன்ட் சியன்னா, ரா அம்பர், யெல்லோ ஓக்கர், அல்ட்ராமரைன், வெள்ளை: இந்த ஐந்தை வைத்தே பெரும்பாலான குதிரைகளை முடித்துவிடலாம். கறுப்புக் குதிரைக்கு ட்யூபிலிருந்து கறுப்பை எடுக்காதீர்கள். அல்ட்ராமரைனையும் பர்ன்ட் அம்பரையும் கலந்தால் வரும் கறுப்பை ஒரு பக்கம் குளிர்ச்சிக்கும் ஒரு பக்கம் வெதுவெதுப்புக்கும் திருப்பலாம்.

நன்றாகத் தேய்த்துவிட்ட குதிரையின் தோல் கண்ணாடிபோல வேலை செய்கிறது. மேல்நோக்கிய பரப்புகள் வானத்தை வாங்கிக்கொள்ளும், அதனால் முதுகிலும் பிட்டத்தின் மேலும் நீலச் சாம்பல். வயிற்றின் அடிப்பாகம் தரையின் நிறத்தை வாங்கும். செம்மண்ணில் நின்றால் செம்மை, புல்லில் நின்றால் பச்சை. ஒளி விழும் இடத்தில் வெறும் வெள்ளையைக் கலப்பதுதான் புதியவர்களின் படத்தில் குதிரை சாக்பீஸ் தடவினதுபோல் தெரியக் காரணம். இந்த வானப் பிரதிபலிப்பில் ஆங்கில ஓவியர் ஆல்ஃபிரெட் மன்னிங்ஸை மிஞ்ச ஆளில்லை என்பது என் எண்ணம். 1898இல், இருபது வயதிலேயே விபத்தில் ஒரு கண்ணின் பார்வையை இழந்தவர், பிறகு ராயல் அகாடமியின் தலைவராகவே ஆனார். அவருடைய பழுப்புக் குதிரைகளின் முதுகில் ஊதாவும் நீலமும் எவ்வளவு துணிச்சலாக விழுந்திருக்கின்றன என்று உருப்பெருக்கிப் பாருங்கள். தள்ளி நின்றால் அவையெல்லாம் சேர்ந்து மினுமினுப்பாகிவிடும்.

வெள்ளைக் குதிரை என்றால் ஒரு கேள்வி கேட்டுவிடுங்கள். நாம் வெள்ளை என்று சொல்பவை பெரும்பாலும் கிரே. பிறக்கும்போது கறுத்தோ பழுத்தோ பிறந்து, வயது ஏற ஏற வெளுப்பவை. தோல் உள்ளே கறுப்பு, அதனால்தான் முகவாயும் கண்ணோரமும் சாம்பலாக இருக்கும். ஓய்வு பெறும் வயதில் நிற்கும் குதிரையை வரைய வேண்டுமா, ஜெயித்த வருடத்தில் இருந்த நிறத்திலா? கேட்காமல் வரைந்தால் பாதிப் படத்தைத் திருப்பி வரைய நேரும். ஸ்டப்ஸ் வரைந்த கிம்க்ராக் என்ற ரேஸ் குதிரையும் ஒரு கிரேதான். 14 ஹேண்ட்டுக்குச் சற்றே மேல், அதாவது நாலே முக்கால் அடிக்கும் குறைந்த சிறிய குதிரை. 1765ஆம் ஆண்டுப் படத்தில் கருஞ்சாம்பலாக நிற்கிறது.

அந்தக் கிம்க்ராக் படத்தைத் தனியாக உட்கார்ந்து பாருங்கள், தொழில் ரகசியம் நிறைய இருக்கிறது. இங்கிலாந்தின் நியூமார்க்கெட் பந்தயத் திடலில் ஓடி முடித்த குதிரையைத் துடைத்துவிடும் சிறிய கட்டடம் ஒன்று இருந்தது. ஸ்டப்ஸ் அந்த இடத்தை மனிதரும் குதிரையும் இல்லாமல் தனியாக வரைந்து வைத்துக்கொண்டார். பிறகு கிம்க்ராக்குக்கும், தோல்வியே காணாத எக்லிப்ஸுக்கும் அதே கட்டடத்தையே பின்னணியாக்கினார். பல படங்களில் குதிரையை முதலில் முடித்துவிட்டுப் பின்னணியை அதைச் சுற்றி நிரப்பியிருக்கிறார். ராக்கிங்ஹாம் பிரபுவுக்காக வரைந்த தாய்க்குதிரைகளும் குட்டிகளும் படத்தில் பின்னணியே இல்லை. நீங்களும் இதே வரிசையில் செய்யலாம். குதிரை தேறிய பிறகு பின்னணியை மாற்றுவது சுலபம், பின்னணி முடிந்த பிறகு குதிரையின் முதுகுக்கோட்டை மாற்றுவதுதான் பாடு. கிம்க்ராக் படத்தில் இன்னொன்றும் உண்டு: முன்னே இடதுபக்கம் குதிரையைத் துடைத்துக்கொண்டிருக்கிறார்கள், தூரத்தில் அதே குதிரை மற்றவற்றை முந்தி ஓடிவருகிறது. ஒரே சட்டத்துக்குள் இரண்டு நேரங்கள். 2011இல் லண்டன் கிறிஸ்டீஸ் ஏலத்தில் இந்தப் படம் 2 கோடியே 24 லட்சம் பவுண்டுக்குப் போனது.

ராக்கிங்ஹாமுக்கே ஸ்டப்ஸ் வரைந்த விசில்ஜாக்கெட் என்ற குதிரையின் படமும் உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஏறத்தாழ 1762. உயரம் மூன்று மீட்டருக்குச் சற்றே குறைவு. வெறும் மங்கலான மஞ்சள் பழுப்புப் பரப்பில் செம்பழுப்புக் குதிரை முன்னங்கால்களைத் தூக்கி நிற்கிறது, ஆளில்லை, சேணமில்லை, தரைகூட இல்லை. 1997இல் லண்டன் நேஷனல் கேலரி 1 கோடியே 10 லட்சம் பவுண்டு கொடுத்து வாங்கியது. முதலாளி அந்தப் படத்தைக் காட்டி "இப்படி வேணும்" என்றால் கொஞ்சம் பொறுமையாகப் பேசுங்கள். பின்னணி இல்லாத படத்தில் ஒளிந்துகொள்ள இடமில்லை. ஒரு கோடு தவறினால் அது ஒன்றே கண்ணில் குத்தும். முதல் ஆர்டருக்கு அது வேண்டாம்.

ஓடும் குதிரையும் வேண்டாம். பழைய முறையில் ஓட்டம் என்றாலே முன்கால் இரண்டும் முன்னே, பின்கால் இரண்டும் பின்னே நீட்டி வானத்தில் பறக்கும். பிரெஞ்சு ஓவியர் ஜெரிக்கோ 1821இல் வரைந்த எப்சம் குதிரைப் பந்தயத்திலும் அப்படித்தான். 1878இல் கலிஃபோர்னியாவில் லேலண்ட் ஸ்டான்ஃபோர்டின் செலவில் எட்வர்ட் மைபிரிட்ஜ் எடுத்த வரிசைப் போட்டோக்கள் இதைப் பொய்யாக்கின. நான்கு காலும் தரையை விட்டு எழும்புவது உண்மை. ஆனால் அது கால்கள் வயிற்றுக்கடியில் குவியும் நொடியில் நடக்கிறது, நீட்டியிருக்கும்போது நடப்பதில்லை. இதனால் இன்றைக்கு இரண்டு பக்கமும் இடி. பழைய போஸில் வரைந்தால் டிரெயினர் சிரிப்பார். போட்டோப்படி வரைந்தால் "பழைய படம் மாதிரி இல்லையே" என்பார் முதலாளி. நின்றுகொண்டிருக்கும் குதிரையில் இந்தத் தொல்லை இல்லை.

குதிரையோடு ஆளையும் வரையுங்கள் என்று முதலாளியிடம் நீங்களே சொல்லுங்கள். முகம்தானே உங்கள் பலம். அதோடு, குதிரையின் அளவைச் சொல்வதற்குப் பக்கத்தில் ஓர் ஆள் வேண்டும். நம் நாட்டிலும் இதற்கு அருமையான முன்னுதாரணம் இருக்கிறது. கல்கத்தாவின் கரயா பகுதியைச் சேர்ந்த ஷேக் முஹம்மது அமீர், 1830, 40களில் அங்கிருந்த ஆங்கிலேயர்களுக்காக அவர்களுடைய குதிரைகள், வண்டிகள், நாய்கள், வீடுகளை நீர்வண்ணத்தில் வரைந்து கொடுத்தார். குதிரை பக்கவாட்டில் நிற்கும், அகன்ற வெற்று வானம், காலடியில் மெல்லிய தரைக் கீற்று. அவற்றில் குதிரையைப் பிடித்திருக்கும் ஆட்கள் சும்மா இடம் நிரப்ப வந்தவர்கள் மாதிரி இல்லை. ஒவ்வொருவருக்கும் தனி முகம், தனி நிற்கும் பாங்கு, தலைப்பாகை கட்டிய விதம். காசு கொடுத்தவர் குதிரையின் முதலாளி. படத்தில் நம்மைப் பார்த்து நிற்கிறவர் குதிரைக்காரர். முகலாய, ராஜஸ்தானி அரண்மனைகளில் அதற்கு முன்பே குதிரைகளைப் பெயர் எழுதி வரைவித்திருக்கிறார்கள். தமிழகத்தில் குதிரை உருவத்துக்குப் பஞ்சமில்லை. ஸ்ரீரங்கம் சேஷராயர் மண்டபத்துத் தூண்களில் பாய்கிற கல்குதிரையும் ஐயனார் கோயில் மண்குதிரையும் போதும். ஆனால் அவை எந்த முதலாளியின் எந்தக் குதிரையும் இல்லை. இந்த வேலைக்கு அவற்றிலிருந்து எடுத்துக்கொள்ள அதிகமில்லை.

இனிப் பணம். தொகையை நான் சொல்லமாட்டேன், ஊருக்கு ஊர், கைக்குக் கை மாறும். கணக்குப் போடும் முறையைச் சொல்கிறேன். மனித உருவப்படத்துக்கு நீங்கள் வாங்கும் அதே அளவுக் கேன்வாஸின் விலையிலிருந்து தொடங்குங்கள். குதிரைக்காரரோ ஜாக்கியோ சேர்ந்தால் இன்னொரு உருவத்துக்கு உரியதைச் சேருங்கள். ஜாக்கியின் பட்டுச் சட்டை நிறம் பதிவுசெய்யப்பட்ட ஒன்று. கோடு, புள்ளி, தொப்பி நிறம் எதுவும் தவறக் கூடாது. லாயத்துக்குப் போய்வரும் செலவு தனி. பாதிப் பணம் முன்னதாக வாங்காமல் கேன்வாஸை இழுத்துக் கட்டாதீர்கள்.

முதலாளிகள் பெரிய மனிதர்கள், ஏமாற்றமாட்டார்கள் என்று நினைத்தால் ஸ்டப்ஸின் கடைசிக் காலக் கதையைக் கேளுங்கள். 1799இல் நியூமார்க்கெட்டில் ஹாம்பிள்டோனியன் என்ற குதிரை டயமண்ட் என்ற குதிரையோடு 3000 கினி (அந்தக் காலத்து ஆங்கிலப் பணம்) பந்தயத்தில் ஓடி மயிரிழையில் ஜெயித்தது. சவுக்கும் ஜாக்கியின் குதிமுள்ளும் பட்டுக் களைத்துப்போன குதிரை. அதன் முதலாளி சர் ஹென்றி வேன்-டெம்பெஸ்ட் படம் கேட்டார். எழுபத்தைந்து வயதான ஸ்டப்ஸ், வெற்றிக் களிப்பைக் காட்டாமல், ஓடி முடித்துத் தள்ளாடும் குதிரையைத் துடைத்துவிடும் நேரத்தை வரைந்தார். மூன்றரை மீட்டருக்கும் மேல் அகலமான கேன்வாஸ். குதிரையின் வாய் திறந்திருக்கிறது, காது பின்னே சாய்ந்திருக்கிறது. பக்கத்திலிருக்கும் இரண்டு பேரும் நேராக நம்மைப் பார்க்கிறார்கள். முதலாளி பணம் தர மறுத்தார். 300 கினிக்கு ஸ்டப்ஸ் கோர்ட்டுக்குப் போய் ஜெயித்தார். படம் இன்று வட அயர்லாந்தில் மவுண்ட் ஸ்டூவர்ட் மாளிகையில் இருக்கிறது. என்னைக் கேட்டால் உலகின் மிகச் சிறந்த குதிரை உருவப்படம் அதுதான், விசில்ஜாக்கெட் இல்லை. ஆனால் ஆர்டர் எடுப்பவர் கவனிக்க வேண்டியது வேறு: எந்த நொடியை வரையப்போகிறீர்கள் என்பதை முதலிலேயே காட்டி ஒப்புதல் வாங்கிவிடுங்கள்.

இதற்குச் சுலபமான வழி, கேன்வாஸைத் தொடும் முன் கரியில் ஒரு முழு வரைபடமும், உள்ளங்கை அளவில் ஒரு வண்ண மாதிரியும் செய்து காட்டுவது. வரைபடத்தை முதலாளியிடம் மட்டும் காட்டாதீர்கள், லாயத்துக்கு எடுத்துப் போய்க் குதிரைக்காரரிடமும் காட்டுங்கள். "முன்னங்கால் கொஞ்சம் உள்ள திரும்பும் சார்" என்று அவர் சொல்வதை வரைபடத்தில் திருத்துவது ஐந்து நிமிட வேலை. பிறகு முதலாளி "அந்தக் காலை நேராக்கிடுங்க" என்பார், "தலையைக் கொஞ்சம் சின்னதாக்குங்க" என்பார். பழைய காலத்திலும் இது உண்டு. சின்னத் தலையும் குச்சிக் காலுமாக நிற்கும் குதிரைகள் பல அந்த முகஸ்துதியின் விளைவுதான். எவ்வளவு வளைந்துகொடுப்பது என்பது உங்கள் விருப்பம். கழுத்தைக் கொஞ்சம் நிமிர்த்துவேன், விலா தெரிந்தால் மறைப்பேன், அது நல்ல நாளில் பார்த்த குதிரை என்று வைத்துக்கொள்ளலாம். காலின் அமைப்பையும் அடையாளக் குறிகளையும் மாற்றமாட்டேன். அதை மாற்றினால் வேறு குதிரை.

இரண்டு தடவை திருத்தம் இலவசம், அதற்குமேல் கட்டணம் என்று எழுத்தில் போட்டுக்கொள்ளுங்கள். படம் எப்போது கிடைக்கும் என்று கேட்டால், முடிந்த நாளைச் சொல்லாமல் காய்ந்த நாளைச் சொல்லுங்கள். ஆயில் படத்துக்கு முழு வார்னிஷ் அடிக்க ஆறு மாதமாவது பொறுக்க வேண்டும். அதற்கு முன்பே கொடுக்க நேர்ந்தால் வார்னிஷ் இல்லாமலே கொடுத்துவிட்டு, ஆறு மாதம் கழித்து வீட்டுக்கே வந்து அடித்துத் தருகிறேன் என்று சொல்லுங்கள். மீதிப் பணத்தை வார்னிஷ் வரைக்கும் இழுக்க விடாமல், படத்தைக் கொடுக்கும் அன்றே வாங்கிக்கொள்ளுங்கள். கீழ் மூலையில் குதிரையின் பெயர், தாய் தந்தை பெயர், பிறந்த வருடம், ஜெயித்த பெரிய பந்தயம் ஆகியவற்றைச் சின்ன எழுத்தில் எழுதித் தரட்டுமா என்றும் கேளுங்கள். பெரும்பாலும் சரி என்பார்கள். எழுத்துக்கூட்டலை மட்டும் குதிரையின் அடையாளப் புத்தகத்தைப் பார்த்து எழுதுங்கள்.